இரண்டு வீட்டு ஆண்கள்

"தாய்மாரே! ஒரு தலையையும் விடாதீங்க! பெத்த புள்ளைகள் எல்லாரையும் எழுதிக் குடுங்க!"

ஜீப் ஒலிபெருக்கியின் அலறலில் ஹிஸ்புல்லா மாஸ்டர் பாயிலிருந்து துள்ளி எழுந்தான். வெயில் ஏறிவிட்டிருந்தது. நேற்று மாலை மனைவி றம்ஸியாவுக்கு வலி கண்டு, அவள் வீடு முழுக்கப் பெண்கள். "ஆம்பிளைக்கு இங்க என்ன வேலை?" என்று மாமி விரட்டிவிட, உம்மா மைமூனாவின் வீட்டில் வந்து விழுந்திருந்தான்.

அதற்காக இன்றைக்கா இப்படித் தூங்குவது! எழுபத்தொன்றாம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு நாள். கிண்ணியாவின் இந்தச் சந்து ஒழுங்கைகளுக்குப் பள்ளிக்கூட வாத்தியாரான அவன்தான் கணக்கெடுப்பாளன். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு சைக்கிளில் தாவினான். "தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போ மகன்!" என்ற உம்மாவின் குரல் பின்னால் தங்கிவிட்டது.

முதலில் றம்ஸியா வீடு. வலி நின்றிருந்தது. பிள்ளை வரவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவும் விடவில்லை. வாசலில் நின்றபடியே அந்த வீட்டு விவரத்தை மளமளவென்று எழுதினான். குடும்பத் தலைவன் ஹிஸ்புல்லா. கை தானாகவே எழுதிற்று.

கிண்ணியாவில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். கட்சி அமைப்பாளர் அபூதாஹிர் குறிவைத்தது இந்த வழக்கத்தைத்தான். ஒவ்வொரு ஆணும் மனைவி வீட்டில் ஒரு தலை, தாய் வீட்டில் இன்னொரு தலை. சனத்தொகை பொங்கி வழியும். தொகுதி பிரிக்கும்போது ஊருக்கென்று ஓர் ஆசனம் தனியாக வரும். அதில் யார் உட்காருவது என்பதும் அவர் மனதில் முடிவாகியிருந்தது.

றுக்கியா ராத்தா வேலியருகே தயாராக நின்றாள்.

"எழுது மாஸ்டர். மூத்தவன், நடுவான், சின்னவன்."

"மூணு பேரும் கலியாணம் முடிச்சுப் போனவங்களே! நேத்து ராவு எங்க படுத்தாங்க?"

"பொண்டாட்டிமார்ட வீட்டதான். அதுக்கென்ன? பெத்தவ நான். கணக்கு மட்டும் அவளுகளுக்கா?"

"ராவு படுத்த வீட்டதான் பேர், ராத்தா. சட்டம் அது."

"நல்ல சட்டம்! பெத்த வயித்தக் கேட்டா போட்டாங்க?"

மூன்று பேரையும் விட்டான். அடுத்த வீட்டிலும் அதே பேச்சு, அதே கேள்வி. போகப்போக ஒழுங்கையில் முணுமுணுப்பு ஏறியது. பிள்ளைகளை வெட்டுகிற மாஸ்டர் என்று யாரோ பெயரும் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு வியர்த்தது. போதாததற்கு றம்ஸியாவின் நினைப்பு வேறு.

ஜீப் குறுக்கே வந்து நின்றது.

"என்ன மாஸ்டர், ஊர அழிக்கிறீங்களா?" அபூதாஹிர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "அங்கால மத்தக் கட்சிக்காரன் மௌத்தாப் போனவனையும் எழுப்பி எழுதுறானாம். நீங்க உசிரோட இரிக்கிறவன வெட்டுறீங்க!"

"ஒராள ரெண்டு தரம் எழுத ஏலாது, காக்கா."

"ஏலாதா? காட்டுக்குள்ள ஒரு பள்ளிக்கூடம் வாத்தியார் இல்லாமக் கிடக்கு. கிழமைக்கு ஒருக்காத்தான் பஸ். வீட்ட புள்ளை வேற பிறக்கப்போகுது."

ஹிஸ்புல்லாவை அங்கே மாற்றிவிட்டால்? பிறக்கிற பிள்ளையின் முகத்தை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிற வாழ்க்கையா? சைக்கிளை மிதித்தான். எழுதாமல் விட்டதில் பிழையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிழையில்லாத வரைக்கும் ஒருத்தரும் ஒன்றும் செய்ய ஏலாது.

கடைசியாக உம்மா வீடு. அவனுக்கு முன்பே அபூதாஹிர் அங்கே கதிரையில் அமர்ந்திருந்தார். வேலியோரம் றுக்கியாவும் நாலைந்து தாய்மாரும்.

"உங்கட உம்மா முதல்ல சொன்ன பேர் என்ன தெரியுமா, மாஸ்டர்?" என்றார் அபூதாஹிர். "ஹிஸ்புல்லா! இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"ஊரார்ட புள்ளைய விட்டவன் தன்னையும் விடுறானா பாப்பம்!" என்றாள் றுக்கியா.

ஹிஸ்புல்லா தலை நிமிர்ந்தான். "உம்மா, இந்த வீட்ட நீங்க ஒராள்தான். என்ட பேர் றம்ஸியாட வீட்ட. காலையிலேயே எழுதிட்டன். எல்லாருக்கும் ஒரு சட்டம்தான்."

றுக்கியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அபூதாஹிரின் சிரிப்பும் சுருங்கியது. காலை முதல் அடைத்திருந்த மூச்சு ஹிஸ்புல்லாவுக்கு அப்போதுதான் சீராக வந்தது.

குசினிக்குள்ளிருந்து ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையோடு மைமூனா வெளியே வந்தாள்.

"அதென்ன கதை, மகன்? ராவு நீ படுத்த பாய நான் இன்னும் சுருட்டக்கூட இல்லையே!"