மாதிரிக்கு வைத்த புஷ்

ராணுவ உதிரிபாகக் கொள்முதல் அலுவலகத்தின் மாதிரி அறை வாசலில், பதினேழாம் நம்பர் சீட்டோடு லேத்துக்காரர் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். சின்னப் பட்டறைகளும் வந்து மாதிரியை அளந்து பார்த்து, போட்டி போட்டு விலை கொடுக்கலாம் என்று புதிதாக அறிவித்திருந்தார்கள். பட்டறையில் மூன்று மாதமாக வேலை இல்லை. "இந்த டெண்டரும் கைநழுவுனா ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதாண்ணே" என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தப் பட்டறை இவரைச் சேர்த்துக்கொள்ளும்?

உள்ளே நீள மேசை நிறைய இரும்பும் பித்தளையும். எது எதற்கு என்று கேட்க அவருக்கு வாய் துறுதுறுத்தது. அவர் அளக்க வேண்டியது ஒரு வெண்கல புஷ், அச்சு தேயாமல் சுழல மாட்டுகிற குட்டி வளையம். வெர்னியர் அளவுகோலை வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். உள்விளிம்பில் மெல்லிய சரிவு. வரைபடத்தில் இல்லாத சரிவு அது. மாட்டுகிறவன் விரலைக் கிழித்துவிடக் கூடாதே என்று அவராகப் போடுவது. வெட்டி வேலை என்று அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சமா? அட, இது நம்ம கை! ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு பெரிய கம்பெனிக்காக நானூறு புஷ் கடைந்தார். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் பம்புக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"சார், இது எதுல மாட்டுறது?"

"பீரங்கி வண்டியில. ஏன், ஓட்டிப் பாக்கணுமா?" என்றார் எழுத்தர்.

லேத்துக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பீரங்கியிலயா ஓடிட்டிருக்கு! நான் கடைஞ்சது சார் இது. இந்த விளிம்பைப் பாருங்க."

எழுத்தர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இதை முன்னாடி சப்ளை பண்ணதுக்கு அனுபவச் சான்றிதழ் இருக்கா?"

"அது கம்பெனி பேருலதானே போச்சு?"

"அப்ப அவங்ககிட்டதான் இருக்கும். அது இல்லாம நீங்க விலையே குடுக்க முடியாதுங்களே."

லேத்துக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "ஒரு லேத் குடுங்க சார், இங்கேயே கடைஞ்சு காட்டுறேன்."

"எனக்குப் புரியுதுங்க. ஃபைல்ல வைக்கப் பேப்பர் வேணுமே." சீட்டில் 'அனுபவம் இல்லை' என்று எழுதிவிட்டு, எழுத்தர் பதினெட்டைக் கூப்பிட்டார்.

வெளிக்கதவில் காவலர் மறித்தார். "மாதிரி எதையும் எடுத்துட்டுப் போகலையே?"

லேத்துக்காரர் இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். காவலர் சட்டைப் பையையும் இடுப்பையும் தடவினார். பிறகு வெர்னியர் பெட்டியைத் திறந்து, மெத்தைத் துணிக்கு அடியிலும் விரலை விட்டுத் துழாவினார்.