எந்தச் சாலு?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. என் வீட்டு மாடியில், சோறு தின்னவும் மறந்து கம்பெனி நடத்தும் யுவஸ்ரீயிடமிருந்து எடுத்தது.

"என்ன கம்பெனிடி?" என்று கேட்டேன்.

"மனுசன் செய்யிற எந்த வேலையையும் புரிஞ்சிக்கிற கம்ப்யூட்டர் மூளைக்கா. ஒரே மூளை, எல்லா வேலையும்."

"அதுக்கு ஓசூரா கெடச்சுது?"

"இங்க ஒரே வாயில மூணு பாஷை வருது. இதப் புரிஞ்சிக்கிச்சுன்னா எத வேணா புரிஞ்சிக்கும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

2

ஓசூரின் புகைபோக்கிகள் மீது சூரியன் தன் செங்கதிர்களை—

(அடச்சே. அடித்துவிட்டேன்.)

ஒரு தொழிற்சாலை. அங்கே தகடு அழுத்தும் பிரஸ் மெஷின். அதில் யுவஸ்ரீயின் மூளையைச் சோதனைக்குப் பொருத்தியிருக்கிறார்கள். ஓட்டவும் நிறுத்தவும் வாயால் சொன்னால் போதும். மெஷினில் நிற்பவள் முனிலட்சுமி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சூப்பர்வைசரிடம் தமிழ்.

(முதல் வரைவில் அவளைப் பயந்த சுபாவமாக எழுதினேன். நேரில் பார்த்தபின் வெட்கமாகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.)

3

முதலீடு செய்பவர்கள் இன்று காலை பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது தகடு சிக்கிக்கொண்டது. முனிலட்சுமி கையை உள்ளே விட்டாள். மெஷின் அடுத்த தகட்டைத் தள்ளத் தொடங்கியது. "சாலு! சாலு!" என்று கத்தினாள்.

கொஞ்சம் நிற்கிறேன். அவள் வீட்டுத் தெலுங்கில் சாலு என்றால் போதும். இந்திக்காரர்களோடு பழகிய கம்பெனிப் பேச்சில் சாலு என்றால் ஓட்டு.

மெஷின் அப்படியே நின்றது. "அக்கா, போதுமா, ஓட்டணுமா?" என்று மூளை கேட்டது.

யுவஸ்ரீக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. வந்திருந்தவர்களில் ஒருவரோ உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் தெரிஞ்ச மூளைன்னீங்க, ஆபரேட்டரக் கேக்குதே? கேக்கிறத எடுத்துடுங்க. நாளைக்கு முதல் ஷிஃப்ட்ல கேக்காம ஓட்டிக் காட்டுங்க, கையெழுத்து போடுறோம்."

போடாவிட்டால் இந்த மாதத்தோடு கம்பெனிக்குப் பூட்டு. மூன்று வருட உழைப்பு.

4

முடிவு ஒன்று: யுவஸ்ரீ மறுக்கிறாள். எங்கிருந்தோ ஒரு ஜப்பான்காரர் வந்து கைகொடுக்கிறார். எழுதிக் காட்டினேன். சிரித்தாள்.

"முனிக்கா கையக் காப்பாத்திட்டீங்க. எங் கம்பெனிய யாருக்கா காப்பாத்துறது? ஜப்பான்காரரு நெஜமா வருவாரா?"

முடிவு இரண்டு: கேள்வியை எடுத்துவிடுகிறாள். மறுநாள் முனிலட்சுமி தகட்டை—

(முடியவில்லை. மன்னியுங்கள்.)

முடிவு மூன்று தேடி முனிலட்சுமியிடமே போனேன். "நிறுத்துன்னு சொல்லிப் பழகிக்கயேன்" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"நல்லாத்தான் சொல்ற போக்கா. கை உள்ள இருக்கறப்ப அம்மா பாஷைதான் வரும்."

5

யுவஸ்ரீ மாடியில் கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மூளை கேள்வி கேட்காமலிருக்க அழிக்க வேண்டியது ஒரே ஒரு வரியாம். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, தட்டிக்கொடுக்கவும் வரவில்லை. அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். ஆனால் ஆற அமர யோசிக்க நேரமில்லை. நாளை முதல் ஷிஃப்ட் யாருக்கு என்று விசாரித்தேன். முனிலட்சுமிக்குத்தான். ஆறு மணிக்கு மெஷினில் நிற்பாள்.