கரையடித் தண்ணீர்

கரை வைத்திருப்பவளுக்குத் தூக்கம் ஏது என்று சாந்தா அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் குறட்டை விடுவாள், அது வேறு விஷயம். ஆனால் விடிந்ததும் பல் துலக்குகிறாளோ இல்லையோ, ஊறுகாய் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு கரைக்குக் கீழே இறங்கிவிடுவாள்.

உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரித் தோப்புக்கு நடுவில் இருக்கும் அந்தக் குட்டைக்கு அவள் பேரில் பட்டா உள்ளது. ஓடையை மறித்து நிற்கும் இரண்டு ஆள் உயர மண் கரையும் அவளுடையதுதான். பாசனத்துக்கென்று கட்டியது. போர் போட்ட பிறகு குட்டைத் தண்ணீரைச் சீந்துவார் இல்லை. குட்டை நடுவில் இருந்த கருவேல மரங்களில் நாரையும் நீர்க்காகமும் வந்து கூடு கட்டிக்கொண்டன. வாடகை தராத குடித்தனம் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! சாந்தா அங்கே ஒரு தூண்டிலைப் போட விட்டதில்லை. அவளுக்கு இரக்கம் கொஞ்சம் ஜாஸ்திதான். முந்தின நாள் சாயங்காலம்கூட, தார் ரோட்டு நடுவில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்த ஓர் ஆமையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு மழையோடு மழையாக ஓடிவந்தவள் அவள்.

மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். இந்தக் கரையின் அடியில் கல் இடுக்கு வழியாகக் கசிகிற தண்ணீர் ஒரு சின்னக் குழியில் தேங்கி நிற்கும். அதைப் பாட்டிலில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கியிருந்தால், தண்ணீர் கரையின் மண்ணை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்புறம் கரை எந்நேரம் போகும் என்று சொல்லமுடியாது. கரை கட்டிய மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது இது. இருபத்தாறு வருஷமாகப் பாட்டில் தெளிவாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் அடித்த மழைக்குப் பிறகு, அன்று காலை பாட்டிலில் வந்தது டீ.

கொட்டிவிட்டு மறுபடியும் மொண்டாள். டீதான். கல் இடுக்கில் கசிகிற மாதிரிதான் கசிந்தது, ஆனால் குழித் தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. சாந்தா ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஓடையோடு கீழே கூப்பிடு தூரத்தில் பன்னிரண்டு வீடுகள். கடைசி வீடு வேம்புவுடையது. அவன் மகள் அபிநயா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தை பிறந்து பதினெட்டு நாள்.

வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனுஷன், உடனே ஆள் அனுப்பிப் பன்னிரண்டு வீட்டு ஜனங்களையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

"கரைய வெட்டித் தண்ணிய எறக்கிடலாமான்னா, அது உங்க பட்டாங்கம்மா. நீங்கதான் சொல்லணும். எஞ்சினியர் சாரு வர சாயங்காலம் ஆயிடும்" என்றார்.

திருச்சியில் கண் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் படுத்திருக்கும் புருஷன் ராஜவேலைக் கேட்டாள். "பாத்துச் செய்யி" என்றார் அவர். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் சொன்ன யோசனையெல்லாம் இந்த இரண்டு வார்த்தைதான்.

வெட்டினால் தண்ணீர் ஓடைக்குள் அடங்கி ஓடி, குட்டை இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். மரத்தடியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும்தான் கூட்டுக்குக் காவல். தரை தெரிந்துவிட்டால் நரியும் நாயும் பூனையும் போட்டி போட்டுக்கொண்டு வரும். மரத்துக்கு மரம் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் இன்னும் இறக்கை முளைத்து முடியவில்லை.

தடதடவென்று சத்தம். வேம்பு தன் ஜேசிபியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். இந்தக் கரைக்கு அவன் அம்மா வீரம்மாள் கூலிக்கு மண் சுமந்தபோது அவனும் கூடச் சுமந்தவன். இன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் சொந்த வண்டி வைத்திருப்பவன் அவன்தான்.

"எந்த எடத்துலம்மா வெட்டணும்?" என்றான், இறங்காமலே.

சாந்தா குட்டையைப் பார்த்தாள். "கலிங்குக்குப் பக்கத்துல" என்றாள். உபரித் தண்ணீர் வழிகிற இடம் அது.

"குஞ்சு இருக்கே."

"இருக்கு. உம் பேரப்புள்ளையும் இருக்கே. வெட்டுப்பா." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். வெட்கமெல்லாம் படவில்லை, ஓவென்று அழுதாள்.

வேம்பு வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா வெட்டிப்புட்டா ஒட்ட முடியாது. ஒருக்கா பாத்துட்டு வந்துடுறேன். வூட்டுலதான் யாரும் இல்லியே இப்ப."

கரைக்கு அடியில் குத்த வைத்து உட்கார்ந்தான். "கசிவு எப்பவும் இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஒரு சொம்பு ரொம்ப, நூறு எண்ணணும்."

அளப்பதற்கென்று சாந்தா அங்கேயே வைத்திருந்த சொம்பை எடுத்து, குழியில் விடாமல், நேராகக் கல் இடுக்கில் அண்டக் கொடுத்து எண்ண ஆரம்பித்தான். சாந்தாவும் வாய்க்குள் எண்ணினாள். நூற்று மூன்றில் நிரம்பியது. வேம்பு சொம்புக்குள் பார்த்தான். பிறகு அவளிடம் நீட்டினான். சொம்பின் அடி பளிச்சென்று தெரிந்தது.

"கரையிலேருந்து வர்ற தண்ணி தெளிவா இருக்கு. குழிதான் கலங்குது. அப்ப கலக்குறது எவன்?" என்று சட்டைக் கையை மடித்து, குழிக்குள் கையை விட்டான்.

"ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு கையை இழுத்தான். "கடிக்குதுங்க! உள்ள என்னமோ கெடக்கு!"

சாந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி மவளே!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். நேற்றைக்கு மழையில் கரை வழுக்கியது. ஆமையை மேலே தூக்கிப்போக முடியாமல், காலையில் குட்டையில் விட்டுக்கொள்ளலாம் என்று இந்தக் குழியில்தான் இறக்கினாள். வீட்டுக்குப் போனால் கரண்டு இல்லை, போனில் மகள், அடுப்பில் பால். சுத்தமாக மறந்துபோனாள். சேற்றில் புதைந்து கிடப்பது ஆமையின் பிழைப்பு. அது ராத்திரி முழுக்கத் தன் பிழைப்பைப் பார்த்திருக்கிறது.

வேம்பு முதலில் முறைத்தான். அப்புறம் அவன் உதடு துடித்தது. அப்புறம் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தான் பாருங்கள், மரத்திலிருந்த நாரைகள் எல்லாம் எழும்பிவிட்டன. சாந்தாவும் சிரித்தாள், நடுவில் அழுதாள், மறுபடி சிரித்தாள். அப்பாடா, அப்பாடா என்று எத்தனை தடவை சொன்னாளோ! இருவருமாக ஆமையைத் தூக்கிக்கொண்டுபோய்க் குட்டையில் விட்டார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊருல சொல்லிடாதப்பா."

"பன்னண்டு வூட்டையும் பள்ளிக்கூடத்துல ஒக்காத்தி வச்சுட்டு சொல்லாதங்கிறீங்களே! ஞாயமா?"

சாயங்காலம் எஞ்சினியர் வந்து கரை நெடுக நடந்தார். கரை நன்றாயிருக்கிறது, கலிங்கில் அடைத்திருக்கும் செத்தையை மட்டும் எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குழித் தண்ணீரும் அதற்குள் தெளிந்திருந்தது.

வேம்பு வண்டியில் ஏறப்போனவன் நின்றான். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. இருபத்தாறு வருசமா இந்த பாட்டில் உங்க சமயக்கட்டு ஜன்னல்லயே இருக்கு. கீழ படுத்துக் கெடக்குறது நாங்க. ஒரு நாளாச்சும் எங்ககிட்ட காட்டுனீங்களா?"

சாந்தாவுக்குச் சுருக்கென்றது. மழை பெய்த ராத்திரிகளில் அந்தப் பன்னிரண்டு வீட்டில் யார் தூங்கினார்கள், யார் விழித்திருந்தார்கள் என்று அவள் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. பறவைக்கு இரங்கியவளுக்கு இது தோன்றவில்லையே! "இல்லப்பா. தப்புதான்" என்றாள்.

மறுநாள் காலையில் தூறல். சாந்தா பாட்டிலில் தண்ணீர் மொண்டாள். குழியில் அல்ல, கல் இடுக்கில். வீட்டுக்குத் திரும்பாமல் ஓடையோடு நடந்து வேம்புவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். கரை போனால் தூக்கிக்கொண்டு ஓடவேண்டுமே என்று, குழந்தை பிறந்ததிலிருந்து மழை பெய்தால் வீட்டில் அதை மடியை விட்டு இறக்குவதில்லை என்று வேம்பு சொல்லியிருந்தான். அன்றைக்கும் அவன் பெண்சாதி பூமாலை பேரனை மடியில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா பூமாலை, நீயே பாரு. இனிமே தெனமும் இங்கதான் வரும். ஒருநாள் நான் வரலேன்னா நீ மேல வந்து மொண்டு பாத்துக்க."

பூமாலை ஒரு கையால் பாட்டிலை வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். குலுக்கிப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"தெளிவாத்தான் இருக்கு" என்றாள். பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு எழுந்துபோய், குழந்தையைத் தூளியில் போட்டாள்.