கிராணம் முடியட்டும், கழுவலாம்

சிங்கப்பூருக்கு அக்கரையில், தெப்ராவ் சாலையில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள்; கிரகணத்தைக் கிராணம் என்பார்கள். ஆகவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷச் சித்திரையில், பெரிய கிராணி சபாபதி சூரிய கிரகணத்தைப் படம் பிடிக்கப் போவதாக அறிவித்தபோது, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ரபேலுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"கிராணத்தக் கிராணி புடிக்கிறாரா, கிராணியக் கிராணம் புடிச்சிருக்கா? எனக்கு வெளங்கலலா."

சபாபதி சிரிக்கவில்லை. விஞ்ஞானிகள் சிரிப்பதில்லை என்று எங்கோ படித்திருந்தார்.

அவருடைய விஞ்ஞானம் சிங்கப்பூரில் ஏலத்துக்கு வந்தது. செத்துப்போன கப்பல்காரர் ஒருவரின் பித்தளைத் தொலைநோக்கி, அதைத் தாங்க மூன்று மரக்கால்கள், பின்புறத்தில் ரப்பர் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிய காமிராப் பெட்டி. மடக்கினால் ஒரு ஆள் தோளில் அடங்கிவிடும். அந்த ஆள் ஒருநாளும் சபாபதியாக இருந்ததில்லை. இதற்கு 'நடமாடும் நட்சத்திர ஆராய்ச்சி நிலையம்' என்று பெயர் சூட்டி, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுத் திடலில் நிறுத்துவார். நிலாவைப் பார்க்க வந்தவர்கள் முதலில் வெகுநேரம் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

கங்காணி வேலுவுக்குச் சூரியனின் சுற்றளவு தெரிந்தது அப்படித்தான். தெரிந்துகொள்ள வேண்டும் என்று வேலு ஒருபோதும் கேட்டதில்லை.

மாசி மாதத்தில், காமிராப் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆடாமல் நிற்கும் பொருள் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. வாழைமரம் காற்றில் ஆடியது. ஆறு வயது மகள் செல்லத்தைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார்.

"மூச்சு விடலாமாப்பா?"

"நான் சொல்ற வரைக்கும் விடாத."

கன்னம் இரண்டும் உப்ப நின்றாள். அவளுக்காக ஓரம் உடைந்த கண்ணாடித் தகடு ஒன்றைச் செலவழித்தார். நல்ல தகடுகள் சூரியனுக்கு.

பங்குனியில் செல்லத்துக்குக் காய்ச்சல் வந்தது. ரபேல் கொயினா கொடுத்துப் பார்த்தார்; பிறகு ஜெபம் செய்து பார்த்தார். கடைசி வரிசை ரப்பர் மரங்களுக்கு அப்பால் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு தாய் கிருஷ்ணம்மா புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"புள்ள படத்த எப்பங்க கழுவுவீங்க?"

காமிராவுக்குள் ஒளி பட்ட தகட்டை இருட்டில் மருந்துத் தண்ணீரில் இட்டு எடுத்தால்தான் உருவம் தெரியும். இந்த வேலைக்குக் கழுவுவது என்று பெயர். ஊரும் அப்படித்தான் சொன்னது, சபாபதியும் அப்படித்தான் சொன்னார். வேலுவுக்குச் சூரியனையே அளந்து காட்டிய மனிதர், வீட்டுக்காரிக்கு இந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லவில்லை.

"ஒத்தத் தகட்டுக்காக மருந்து கலக்குவாங்களா? கிராணம் முடியட்டும். எல்லாத்தையும் சேத்துக் கழுவலாம்."

"கண்ண மூடினா அவ மூஞ்சி வரமாட்டேங்குதுங்க. தலமுடி வருது. கவுனு வருது. மூஞ்சி மட்டும் வரல."

"கிராணம் முடியட்டும்னு சொன்னேன்ல?"

மருந்தெல்லாம் ஒரு சாக்கு. கன்னம் உப்பிய அந்த முகம் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் மெல்ல மேலெழுந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். "இப்ப விடு" என்று அன்றைக்குச் சொன்னோமா என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

கிரகணத்தன்று துரை, துரைசாணியோடு வந்து திடலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோட்டத்து ஜனம் கண்ணாடித் துண்டுகளில் விளக்குக் கரி ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் துணிவில்லாதவர்கள் அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு லயத்து வீடுகளுக்குள் இருந்தார்கள். கிருஷ்ணம்மாவும் வீட்டுக்குள்தான் இருந்தாள்.

சபாபதி கோட்டுப் போட்டிருந்தார். "இன்னும் சற்று நேரத்தில் பூரண இருள் சூழும். பறவைகள் கூடு திரும்பும். கோழிகள் அடையும்" என்று பிரகடனம் செய்தார்.

"பூரணம் வடக்கே கெடாவுல, கிராணி," என்றார் துரை, தோட்டத்தில் கற்ற தமிழில். "இங்கே முக்கால்தான்."

சூரியன் யாரோ கடித்துவிட்டு வைத்த தோசை மாதிரி ஆயிற்று. வெயில் கொஞ்சம் மங்கியது. கோழிகள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குப்பையைக் கிளறப் போய்விட்டன.

"ஒங்க கோழிக்கு விஞ்ஞானம் பத்தல, கிராணியாரே," என்றார் ரபேல்.

ஆனாலும் தகடுகளில் சூரியன் சரியாக விழுந்தது. வெளிச்சம் திரும்பியதும் சபாபதி குளியலறைக்குள் போய், சந்துகளில் சாக்கை அடைத்து, விளக்குக்குச் சிவப்புத் தாளைச் சுற்றினார். செல்லத்தின் தகட்டைத்தான் முதலில் மருந்தில் இட்டார். தகட்டில் எல்லாம் தலைகீழ்: வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். அப்படியும் அவளைத் தெரிந்தது. உப்பிய கன்னம், இறுக மூடிய வாய். இத்தனை நாளாக அவள் மூச்சை விடவே இல்லை.

மற்றத் தகடுகளை எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் பெரிய அண்டாவில், மருந்து இறங்குவதற்காகத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் கிருஷ்ணம்மா நின்றாள்.

"கழுவியாச்சாங்க?"

"பாதி கழுவியாச்சு. தண்ணில ஊறுது."

அவள் முகத்தைப் பார்க்காமல் பங்களாவுக்கு நடந்தார். அங்கே துரையின் வராந்தாவில், சூரியனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது முழுவதையும் சொன்னார், தெரியாததையும் சொன்னார். வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு வானத்தைவிட வசதியான இடம் இல்லை. சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு ஒரு படம் அனுப்பலாம் என்று துரை சொன்னார். சபாபதிக்குக் கோட்டு இறுக்கமாயிற்று.

ரபேலையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது வாசலெல்லாம் ஈரமாக இருந்தது. கிரகணத்தின்போது வீட்டில் இருந்த தண்ணீரை வைத்துக்கொள்ளலாமா? கொட்டத்தானே வேண்டும்? குடம், சட்டி, அண்டா எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தலை முழுகிய ஈரக் கூந்தலோடு கிருஷ்ணம்மா துவைக்கிற கல்லருகே இருந்தாள். கல்லில் சாத்தி வைத்த கண்ணாடித் தகடுகள் வெயிலில் பளபளத்தன.

"வாங்க, வாங்க," என்றாள். செல்லம் போனபிறகு அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. "கிராணத்துத் தண்ணில போய்ப் புள்ளயப் போட்டு வச்சிருக்கீங்களே! ஊத்திட்டு, நல்ல தண்ணி மொண்டு மீதிய நானே கழுவிட்டேன். அம்மாடி, என்னா கரி! மூஞ்சியெல்லாம் கறுப்பு, தலமுடி கெழவி மாரி வெள்ள. விளக்குக் கரிதானேன்னு சாம்பலத் தொட்டு, தேங்கா நார வச்சுத் தேச்சேன். கரி பூராவும் போயிருச்சு. மூஞ்சிதான் இன்னும் வரல."

ஊறிய தகட்டில் உருவம் தங்கியிருப்பது கூழ்போன்ற ஒரு மெல்லிய பூச்சில். விரல் நகம் பட்டாலே வழண்டு வந்துவிடும்.

"அலமாக்!" என்றார் ரபேல். "அந்தக் கரியிலதானேம்மா..."

சபாபதி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். டிரஸ்ஸர் வாயை மூடிக்கொண்டார். அவர் உத்தியோகத்தில் இது அடிக்கடி தேவைப்படும்.

கறுப்பு ஏன் கறுப்பு, வெள்ளை ஏன் வெள்ளை, கழுவுவது என்றால் என்ன என்ற விளக்கமெல்லாம் சபாபதியின் தொண்டைவரை வந்து நின்றது. இரண்டு மாதம் தாமதமாக வந்திருந்தது.

கிருஷ்ணம்மா ஓரம் உடைந்த தகட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். "பாருங்களேன், எங்கயாச்சும் தெரியுதா?"

கண்ணாடி வழியாக அவளுடைய கண் தெரிந்தது. ஈரக் கூந்தல் தெரிந்தது. பின்னால் ரப்பர் மரங்கள் தெரிந்தன. அத்தனை சுத்தமாகத் தேய்த்திருந்தாள்.

"காயணும்," என்றார் சபாபதி. "காஞ்சாத்தான் வரும்."

"அப்படியா? நா ரொம்ப அழுத்தித் தேச்சுட்டனோன்னு பயந்தே போயிட்டேன்."

"இல்ல. நல்லாத்தான் தேச்சிருக்க."

சூரியன் படம் என்ன ஆயிற்று என்று துரை கேட்டபோது, தகடுகளில் கோளாறு என்றார். துரை மறந்துவிட்டார். ஆராய்ச்சி நிலையம் கோழிக் கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. அன்றைக்கு அடைய மறுத்த கோழிகள் இப்போது அதன் மரக்கால்களின்மேல்தான் அடைகின்றன.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. கிருஷ்ணம்மா தினமும் தகட்டை வெயிலில் வைக்கிறாள். தூறல் விழுந்தால் ஓடிப்போய் முந்தானைக்குள் மூடி எடுத்துவருகிறாள். ஜன்னலண்டை நின்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"இன்னும் ஈரம் இருக்குமாங்க?"

"இருக்கும்," என்கிறார் சபாபதி.