கிணற்றுமேட்டில் மூன்று நாடுகள்

1944ஆம் ஆண்டு புரட்டாசியில் எங்கள் ஊரில் மழை பொய்த்தது. மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து கம்பைநல்லூர் போகும் சாலையில், இரண்டு மைலுக்குள் இருக்கும் ஊர். கிணறுகளில் பெரும்பாலானவை வற்றிவிட்டன. எங்கள் கிணற்றில் மட்டும் பாறைக்கு அடியிலிருந்து ஊற்று வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இருந்தது, கவலை பூட்டி இறைக்க மாடு இல்லை. ஆவணியில் பரவிய வெக்கை நோயில் எங்கள் எருதுகள் இரண்டும் ஒரே வாரத்தில் செத்துப்போயின.

ஒன்றரை ஏக்கரில் கேழ்வரகு கதிர் வாங்கும் பருவத்தில் நின்றது. ஐந்தாறு நாட்களுக்குள் தண்ணீர் பாயாவிட்டால் கதிர் முழுவதும் மணி பிடிக்காமல் பொக்காகிவிடும். என் மகன் மாது பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டு பர்மா எல்லையில் இருந்தான். வீட்டில் நானும், மருமகள் காவேரியும், அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தோம். யுத்த காலத்தில் தானியம் விலைக்கும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வரை நாங்கள் நால்வரும் உண்ண வேண்டிய களி அந்த ஒன்றரை ஏக்கரில்தான் நின்றது.

கேட்டால் மாடு கிடைத்திருக்கும். கிணறு வற்றியவர்களின் எருதுகள் கட்டுத்தறியில் சும்மா நின்றன. ஆனால் அவற்றின் சொந்தக்காரர்களிடம் போய்க் கேட்கும் நிலையில் நான் இல்லை. அதற்கு நானே காரணம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே மாதேஸ்வரனின் காப்பிக் கடை இருந்தது. காலில் குண்டு பாய்ந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய குப்புராஜ், எகிப்து தேசத்துக் கடைவீதியில் வாங்கிய ஒரு கிராமபோன் பெட்டியையும் ஒன்பது இசைத்தட்டுகளையும் அந்தக் கடையில் வைத்திருந்தான். இங்கிலாந்துத் தட்டுகள் மூன்று, அமெரிக்காவுடையவை மூன்று, எகிப்தினுடையவை மூன்று. அன்றிலிருந்து எந்த நாட்டுப் பாட்டுக்காரர்கள் சிறந்தவர்கள் என்ற வாக்குவாதம் விடியற்காலையில் தொடங்கி விளக்கு அணைக்கும்வரை நடந்தது. குப்புராஜ் அமெரிக்காவின் கட்சி. மாதேஸ்வரன் இங்கிலாந்தின் கட்சி. அவர்களில் மூத்தவரான நஞ்சப்பன் எகிப்தை விட்டுக்கொடுக்க மாட்டார். மூவரும் நிலக்காரர்கள், மூவரின் கிணறும் வற்றியிருந்தது, பேசுவதற்கு அவர்களுக்கு நேரம் இருந்தது.

முப்பது ஆண்டுகள் ஜில்லா போர்டு பள்ளியில் ஆசிரியையாக இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்தக் கூச்சல் பொறுக்கவில்லை. மணியக்காரருக்கு விரிவாக மனு எழுதினேன். விளக்கு வைப்பதற்கு முன் பெட்டியை இயக்கக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். அதன் பிறகு மாதேஸ்வரனும் மற்ற இருவரும் என்னைக் கண்டால் தலை குனிந்து வணங்குவார்கள், பேச மாட்டார்கள். “அந்த மூன்று பேரிடமும் நீ வாயைத் திறக்கக் கூடாது. என் வயலுக்காக யாரிடமும் போய் நிற்க மாட்டேன்” என்று ஒரு நாள் மாலையில் காவேரியிடம் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலையில் மூவரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“டீச்சரம்மா, ஒரு வழக்குங்க. நீங்கதான் தீத்து வெக்கணும்” என்றான் மாதேஸ்வரன்.

“என்ன வழக்கு?”

“எந்த நாட்டுப் பாட்டு ஒசத்தின்னுதாங்க. வாயில பேசி முடியல. இங்கிலாந்துப் பாட்டுக்கு மாடுகூட நகராதுன்னு நேத்து இவன் சொல்லிப்புட்டானுங்க.”

“உள்ளதைத்தானே சொன்னேன்” என்றான் குப்புராஜ். “கவலை ஓட்டறவன் பாடற பாட்டுக்குத்தானுங்க மாடு வாரிச் சரிவுல எறங்குது, பின்னால ஏறுது. எந்த நாட்டுத் தட்டைப் போட்டா மாடு ஒழுங்கா எறங்கி ஏறுதோ, அவன்தான் பாட்டுக்காரன். மாட்டுக்குக் கட்சி கெடையாதுங்க.”

“எங்க கெணத்துல சேறுதாங்க வருது. தண்ணி கெடக்கறது உங்க கெணத்துல” என்றார் நஞ்சப்பன். “நாலு நாளைக்கு விட்டீங்கன்னா பாத்துப்புடலாம். எத்தனை சால் தண்ணி வருதுன்னு எண்ணறதுக்கும் ஒழுங்கான ஆளு வேணும். எங்க மூணு பேத்து மேலயும் எங்களுக்கே நம்பிக்கை இல்லைங்க.”

மூடத்தனத்துக்கு எல்லை உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் நான்கு நாட்கள் கவலை ஓடினால் ஒன்றரை ஏக்கரும் நனைந்துவிடும் என்று என் மனம் கணக்குப் போட்டது. முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளாமல், நிபந்தனைகளை எழுதித் தருவதாகச் சொன்னேன்.

மாதேஸ்வரன் தலையைச் சொறிந்தான். “பகல்ல பொட்டியைத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்குதுங்களே.”

அன்று முற்பகலில் மணியக்காரரிடம் போய், நான்கு நாட்களுக்கு விலக்கு வேண்டும் என்று இரண்டாவது மனுவைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். கையொப்பம் என்னுடையதுதானா என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

எருதுகள் வாரியின் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுத் தோல் சால் நீரோடு மேலே வரும். நீரைத் தொட்டியில் கொட்டியபின் எருதுகள் பின்நோக்கி நடந்து மேலே ஏறும். கவலை என்பது அவ்வளவுதான். ஒவ்வொரு நாட்டுக்கும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று பிரித்தேன். மூன்று ஜோடி எருதுகளும் மூன்று நாட்டுக்கும் மாறி மாறிப் பூட்டப்பட வேண்டும். யுத்தத்தினால் கிராமபோன் ஊசி கிடைக்காமல், குப்புராஜ் கருவேல முள்ளைச் சீவிப் பொருத்தி வந்தான். ஒரு தட்டு முடிவதற்குள் முள் மழுங்கிவிடும். ஆகவே தட்டுக்கு ஒரு புது முள் என்றும் எழுதினேன். பெட்டியைக் கிணற்றுமேட்டில், கல் தூணுக்கு அருகில் வைத்தார்கள். காவேரி மண்வெட்டியோடு வயலில் மடை திருப்ப நின்றாள். நான் சிலேட்டோடு உட்கார்ந்தேன்.

முதலில் அமெரிக்கா. பித்தளைக் குழல்கள் ஒன்றாக அலறியதும் எருதுகள் காதை விறைத்துக்கொண்டு சரிவில் ஓடின. சால் கிணற்றுச் சுவரில் மோதிப் பாதித் தண்ணீர் திரும்பக் கிணற்றிலேயே கொட்டியது.

“உன் அமெரிக்கா கெணத்துக்கே தண்ணி பாய்ச்சுதுடா” என்றான் மாதேஸ்வரன்.

“வேகத்தைப் பாருங்க மாமா. பழகினாச் சரியாப் போயிரும்.”

இங்கிலாந்துப் பாட்டு மாதாகோவில் பிரார்த்தனையைப் போல மெதுவாகப் போயிற்று. எருதுகள் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்தன. வடத்தின்மேல் உட்கார்ந்து ஓட்டிய நஞ்சப்பன்தான் தூங்கி விழப் பார்த்தார். எகிப்துப் பாட்டு நீளமானது. தட்டின் ஒரு பக்கத்தில் அது முடிவதில்லை. பாட்டு பாதியில் நின்றதும் எருதுகளும் பாதிச் சரிவில் நின்றுவிட்டன. குப்புராஜ் தட்டைத் திருப்பி முள்ளை மாற்றும்வரை, நஞ்சப்பன் தாமே தம்முடைய இறைப்புப் பாட்டை எடுத்துப் பாடி மாட்டை நகர்த்தினார். அந்த ஒரு சால் எந்த நாட்டின் கணக்கில் சேரும் என்பதற்கு என் நிபந்தனைகளில் இடமில்லை. சிலேட்டின் ஓரத்தில் தனியாகக் குறித்தேன்.

இரண்டாம் நாள் மாலையில், வாடித் தொங்கிய தாள்கள் கிழக்குப் பாத்திகளில் நிமிர்ந்திருந்தன. காவேரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் சிலேட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை; உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அமெரிக்காவின் முறை வந்தபோது, அதுவரை போடாத ஒரு தட்டைக் குப்புராஜ் எடுத்தான். குழல் அலறல் இல்லை. ஒரு பெண்ணின் குரல், தணிந்த குரல், யாரையும் கவர வேண்டும் என்ற எண்ணமே இல்லாததைப் போல வந்தது. முள்ளின் கரகரப்புக்கு அடியில் அந்தக் குரல் வீட்டில் வேலை செய்துகொண்டே பாடுபவளின் குரலாக இருந்தது. மொழி ஆங்கிலம், எனக்கு ஓரளவு தெரியும், ஆயினும் ஒரு சொல்லும் என் மனத்தில் பதியவில்லை. மாது போன பிறகு வீட்டில் யாரும் பாடவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. எருதுகள் இறங்கின, ஏறின. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. தட்டு முடிந்தபோது என் கையில் பலப்பம் அசையாமல் இருந்தது. எத்தனை சால் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் வருகைப் பதிவேட்டில் தவறு செய்யாதவள் நான். அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன். மூவரில் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மாலையில் கடைசிப் பாத்தியும் நனைந்தது. காவேரி மண்வெட்டியைக் கழுவினாள். நான் வீட்டுக்குள் போய், சிலேட்டில் இருந்ததைக் காகிதத்தில் முறையாகப் பட்டியல் போட்டு, கூட்டல் சரிபார்த்து எடுத்துக்கொண்டு கிணற்றுமேட்டுக்கு வந்தேன். அங்கே ஒருவரும் இல்லை. எருதுகளை அவிழ்த்து ஓட்டிப் போய்விட்டார்கள். பெட்டி இருந்த இடத்தில் மழுங்கிய முட்கள் ஒரு கைப்பிடி அளவு குவிந்து கிடந்தன.

“தீர்ப்பைக் கேட்காமலே போய்விட்டார்களே” என்றேன்.

காவேரி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவங்களுக்குத் தீர்ப்பு வேண்டியதில்லைங்க அத்தை.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. “நீ போய்ச் சொன்னாயா?”

“காப்பிக் கடைக்காரர் சம்சாரத்துகிட்ட அழுதேனுங்க. வேற ஒண்ணும் கேக்கலை. ‘மாட்டைக் கொண்டாந்தா டீச்சரம்மா வேண்டாம்னுருவாங்க, வழக்கைக் கொண்டு போனா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க’ன்னு நஞ்சப்பண்ணன்தான் சொன்னாருங்களாம்.”

அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஈரமண் வாசனை வந்துகொண்டிருந்தது. பட்டியலை மடித்துக்கொண்டேன்.

அன்றிரவு நான் நன்றாக உறங்கவில்லை. அந்த மூவரையும் ஏமாற்றி வேலை வாங்குவதாக நான்கு நாட்கள் எண்ணிக்கொண்டிருந்த என்னை, நான் நாணப்படாதபடி அவர்கள் நடத்தியிருக்கிறார்கள். நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தபோது மூவரும் எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தேன். நஞ்சப்பன் ஓரிடத்தில் சந்தேகம்கூடக் கேட்டார்.

காலையில் மணியக்காரரிடம் மூன்றாவது மனுவைக் கொடுத்து, முதல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதன் பிறகு நேராகக் காப்பிக் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் பெண்கள் அந்தக் கடைப்படி ஏறும் வழக்கம் இல்லை. சாலையிலேயே நின்றேன். மூவரும் எழுந்து நின்றார்கள்.

பட்டியலை மாதேஸ்வரனிடம் நீட்டினேன். “மூன்றாம் நாள் காலையில் ஒரு தட்டுக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. தவறு என்னுடையது. ஆகவே தீர்ப்புச் சொல்ல முடியாது.”

குப்புராஜ் எட்டிப் பார்த்தான். “அப்பறம் இந்த ஓரத்துல ஒரு சால் தனியா நிக்குதுங்களே, அது எந்த நாடு?”

“அது நஞ்சப்பன் பாடியது.”

“எகிப்தோட சேக்க மாட்டீங்களா?” என்றார் நஞ்சப்பன்.

“மாட்டேன். உம்முடைய பாட்டு உம்முடையதுதான்.” அவர்களிடம் சொல்ல வேண்டிய வேறு சொற்களைக் காலையிலிருந்து வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். “வயல் முழுவதும் நனைந்துவிட்டது” என்று மட்டும் சொன்னேன்.

“பாத்தமுங்க” என்றான் மாதேஸ்வரன்.

“உத்தரவை நீக்கியாயிற்று. அந்தத் தட்டைப் போடுங்கள். நான் எண்ணத் தவறிய தட்டு.”

குப்புராஜ் கத்தியை எடுத்து ஒரு புது முள்ளைச் சீவினான். கைப்பிடியைச் சுற்றினான். அந்தக் குரல் சாலைக்கு வந்தது. எதிரே எங்கள் வீட்டு வாசலில் காவேரி வந்து நின்றாள். இடுப்பில் சின்னவள் இருந்தாள். சந்தைக்குப் போன ஒரு வண்டி நின்றது.

பாட்டு பாதி போயிருக்கும். “அமெரிக்காதானுங்களே ஒசத்தி?” என்று குப்புராஜ் மெல்லக் கேட்டான்.

“பேசாதே. கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றேன்.