ஏரி உறையும் முன்

தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் மார்லிஸ் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி ஆர்விட்டைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் கூடத்தில் சாப்பிட்டபடி, ஏரி எப்போது உறையும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தன் உயிரை அவனே முடித்துக்கொண்டான் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மின்னசோட்டாவின் வடகோடியில் சாவு வீட்டிலும் வானிலைதான் பேச்சு.

"நல்ல மனசு உன் தம்பிக்கு. தூண்டில் பெட்டியை அப்படியே எங்க வீட்டுல கொண்டாந்து கொடுத்துட்டான்," என்றாள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த இங்கா.

மார்லிஸுக்குக் கிடைத்தது ஏரிப்பனியைத் துளைக்கும் இயந்திரம். தோள்வலி என்றான், அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள். பனிக்காலம் வாசலில் நிற்கும்போது எந்த மீன்பிடிக்காரன் அதைக் கொடுப்பான்? மனைவி பிரிந்துபோன பிறகு அன்றுதான் அவன் சிரித்தான். தேறிவிட்டான் என்று எல்லோரும் நிம்மதியானார்கள்.

பின்வாசலில் வெர்னர் தன் நாயோடு வந்து நின்றான். போன பனிக்காலம் முழுக்க, உறைந்த ஏரிமேல் போட்ட மீன்பிடிக் குடிசையில் ஆர்விட்டோடு உட்கார்ந்து தூண்டில் போட்டவன்.

"மார்லிஸ், இந்தப் பயல நீ வச்சுக்கிறியா? உன் பின்னாலதான் சுத்துறான்."

"ஏன், நீ எங்க போற?"

"எங்கயும் இல்ல. குடிசையையும் இங்கா பசங்களுக்கே கொடுத்துட்டேன்."

அவன் முகம் தெளிந்து கிடந்தது. அந்தத் தெளிவை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"சுத்தி வளைக்காமக் கேக்குறேன். செத்துப் போகலாம்னு இருக்கியா?"

இங்காவின் கை அப்படியே நின்றது. அந்த ஊரில் ஒருவரும் ஒருவரையும் இப்படிக் கேட்டதில்லை. வெர்னர் நாயின் காதை வருடிக்கொண்டே இருந்தான்.

"ஆமா," என்றான் கடைசியில். "பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை கேக்கல அவன."

"நானும்தான் கேக்கல." ஏப்ரனை அவிழ்த்தாள். "இங்கா, மிச்சத்த நீ கழுவு. நான் இவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வெர்னர், அப்புறமும் உன்னத் தனியா விடமாட்டேன்."

"நாய்?"

"உன் நாய். நீதான் பிடிக்கணும்."

வண்டியில் நாய் இருவருக்கும் நடுவே ஏறி உட்கார்ந்தது. ஏரியில் கரையோரம் மட்டும் வெளுத்திருந்தது. நடுவில் தண்ணீர் இன்னும் கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. வெர்னர் நாயின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டான்.