விளக்கு மேசை

மீன் துண்டைக் கண்ணாடியில் பரப்பினால் அடியில் எரியும் விளக்கு சதைக்குள் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். சுருண்டு கிடக்கும் புழு நிழலாகத் தெரியும். இடுக்கியால் பிடுங்கிப் போட வேண்டியதுதான். மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் இந்த மேசையில் அவளுக்குக் கழுகுக் கண் என்று ஒரு பெயரே உண்டு. இப்போது அந்தக் கண்ணில் புரை விழுந்திருந்தது. எந்த மீனைப் போட்டாலும் சுத்தமாகத் தெரிந்தது.

இதுவரை மானத்தைக் காப்பாற்றியவள் பக்கத்து இருக்கை நாத்தனார். அண்ணி விட்டதை ஓசைப்படாமல் எடுத்துவிடுவாள். இந்த வேலை போனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அண்ணன் கதி என்ன என்று அவளுக்கும் தெரியும். உறையவைத்துத்தானே அனுப்புகிறார்கள், தப்பியது அதிலேயே செத்துத் தொலையும் என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இன்று வந்தது வேறு ஆர்டர்.

"அண்ணி, இது வெறும் ஐஸ்ல போறது. பச்சையாவே திங்கிறவங்களுக்காம்," என்றாள் நாத்தனார், தலை நிமிராமல். "ஒண்ணு தப்பிச்சாலும் உயிரோட உள்ள போயிடும். கண்ணு சரியில்லன்னு சொல்லிட்டு எழுந்திருங்க."

"எழுந்துட்டு? உங்க அண்ணன் வாயில மண்ணையா போடச் சொல்ற?"

நாத்தனார் பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் அவளைப் பெட்டி கட்டும் பக்கம் அனுப்பிவிட்டார்.

தனியாக விடப்பட்டவள் அடுத்த துண்டைக் கண்ணாடியில் பரப்பினாள். யாரோ பெற்ற பிள்ளை இதைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளப்போகிறது என்ற நினைப்பு போகவேயில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். வெறுங்கையால் தொடுவது இங்கே பெரிய குற்றம். ஆனால் விரலுக்குப் புரை விழவில்லையே. சதையைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நூல் முடிச்சு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. நெருடி எடுத்து இடது கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, மீனுக்குத் தைலம் தேய்க்கிறீங்களா? தட்டு தேங்குது," என்று சூப்பர்வைசரின் குரல் பின்னால் கேட்டது.

அவசரமாக வலது கைக்கு மட்டும் உறையை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு விரலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. துண்டுகளைத் தள்ளிவிட்டாள்; தட்டு பெட்டிப் பக்கம் நகர்ந்தது.

அங்கே மூடியைக் கையில் பிடித்தபடி யாரோ நிற்பது மங்கலாகத் தெரிந்தது. நாத்தனார்தான். மூடாமல் இவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடிய இடது கைக்குள், உள்ளங்கைச் சூட்டில், அந்த முடிச்சு மெல்ல அவிழ்ந்து நெளியத் தொடங்கியது.